முதல் வகுப்பில் தேறியவர்கள்

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரன் என்கிற டச்சுக்காரன் கொடி பறந்துகொண்டிருந்த காலம். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. மேற்கே வயல்கள் வெடித்துக் கிடந்தன. கேழ்வரகு கண்ணில் படவில்லை. குப்பத்தில் யார் வீட்டிலாவது கஞ்சி கொதித்தால் பக்கத்து வீட்டார் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் கோட்டை கூடி யோசித்து, இந்தச் சனங்களின் குறை சோறு இல்லாதது அல்ல, பயிற்சி இல்லாதது என்று கண்டுபிடித்தது.

பசித்தவனைப் பார்த்தால் சோறு போடலாமே என்று தோன்றுவது உங்களுக்கும் எனக்கும். இவனுக்கு என்ன பாடம் நடத்தலாம் என்று தோன்றினால் அது அரசாங்கம்.

ஆகவே கோட்டைக்குள் திறன் வளர்ப்புக் கச்சேரி என்று ஒன்றைத் திறந்தார்கள். அலுவலகத்துக்கு அப்போது கச்சேரி என்றுதான் பெயர். அதற்குத் தலைமை வகிக்க ஒரு துரை கப்பலில் வந்து இறங்கினார். அவருடைய சொந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஊர் அவரைப் பாடத்துரை என்று கூப்பிட்டது. முன்பு வேறொரு துறைமுகத்தில் மிளகு மூட்டைகளைக் கப்பலில் அடுக்கும் வேலையை மேற்பார்த்தவர் அவர். மூட்டைகளை இடம் வீணாகாமல் அடுக்கினாராம். மனிதர்கள் விஷயத்திலும் அதே அக்கறை காட்டுவார் என்று நம்பி இந்தப் பதவியைக் கொடுத்திருந்தார்கள்.

பாடத்துரை வந்த மூன்றாம் நாள் தமுக்கு அடித்தார்கள். துரையின் பக்கத்தில் நின்று அவர் பேச்சைத் தமிழாக்குகிற துபாஷி சகாதேவன் கொள்கையைப் படித்தார். ஏரிக்கரையின் மனித வளம் சேற்றுக்குள் வீணாகிக்கொண்டிருக்கிறது; அதை எடுத்து, கழுவி, மெருகேற்றி, தேவையான இடத்தில் சேர்ப்பதே கோட்டையின் விருப்பம். தேவையான இடம் எது என்று அதில் இல்லை. கடைசி வரி மட்டும் எல்லாருக்கும் விளங்கியது. பயிற்சி முடித்த சீட்டு இல்லாமல் இனி ஒருவரும் ஏரியில் கால் வைக்கக்கூடாது, வைத்தால் கசையடி.

கூட்டத்தில் நாகப்பனும் அவன் மனைவி பச்சையம்மாவும் நின்றிருந்தார்கள். கோட்டைக்குப்பத்தைத் தாண்டி, ஏரியோரம் ஓலைக் குடிசை அவர்களுக்கு. படகு கிடையாது, வலை கிடையாது. வலைக்காரர்கள் வலை போடுகிற ஏரியில் இவர்கள் கையைப் போடுகிறவர்கள். இடுப்பளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் போவார்கள். ஒரு கை விரட்டும், மறு கை அமுக்கும். பிடித்த இறாலைப் போட ஓலையால் பின்னிய பறி. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி மோவாய்க்குக் கீழே தொங்கும். மணிக்கணக்கில் அப்படித்தான். வேலை முடிகிறவரை ஒருவரும் பேசமாட்டார்கள். வாயைத் திறந்தால் பறி போய்விடும், பறி போனால் அன்றைய சோறு போய்விடும்.

பச்சையம்மாவை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் இல்லை. நாகப்பன் சுமார்தான். அவனுக்கு வாய் நிற்காது. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் பறியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பதில் சொல்ல முடியாத மனைவியிடம் ஊர்க்கதை எல்லாம் சொல்வான். அவள் கண்ணாலேயே திட்டுவாள். அவன் அதையும் ரசிப்பான்.

மறுநாள் கச்சேரியில் விசாரணை நடந்தது. சகாதேவன் கேட்டு எழுத, பாடத்துரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தொழிலு?"

"எறாலு புடிக்கிறது சாமி," என்றான் நாகப்பன்.

"கருவி இன்னா வச்சிக்கீற?"

நாகப்பன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"அது கையிடா. கருவி இன்னான்னு கேட்டேன்."

"கையிதாங்க சாமி."

கருவி இல்லை என்று எழுதினார் சகாதேவன்.

"யாரு ஒனக்குக் கத்துக்குடுத்தது?"

"யாரு குடுப்பாங்க? பசிச்சிச்சி, எறங்குனோம்."

பயிற்சி இல்லை என்று எழுதினார். துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. கருவியும் இல்லை, பயிற்சியும் இல்லை, இறால் மட்டும் எப்படி வருகிறது, இது பெரிய ஒழுங்கீனம் அல்லவா என்று கேட்டார். நாகப்பன் தலையைச் சொறிந்தான். தான் பிடித்த இறாலெல்லாம் முறைகேடாகப் பிடிபட்டவை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

பயிற்சி தொடங்கியது. இடம், கோட்டைக்குள் இருந்த மணல் முற்றம். ஏரி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் ஏரியில் காற்று அடிக்கும், அலை வரும், பாடத்தில் கவனம் சிதறும் என்று கச்சேரி முடிவு செய்திருந்தது. கோட்டைத் தச்சனிடம் சொல்லி இருநூறு மர இறால் செய்துவைத்திருந்தார்கள். அந்தத் தச்சன் உள்நாட்டிலிருந்து வந்தவன். இறாலைத் தட்டில் வெந்த நிலையில் மட்டும் பார்த்திருந்தான். அதனால் எல்லா இறாலும் சுருண்டு சிவப்பாக இருந்தன.

ஆசிரியர் ஞானதாஸ் கச்சேரி எழுத்தர். மெலிந்த மனிதர், தண்ணீரைக் கண்டால் பயம். கையில் துரை எழுதிக்கொடுத்த புத்தகம்.

"எறால் பிடிக்கிறதுல அஞ்சு படி உண்டு," என்று தொடங்கினார். "மொதப் படி, எறாலைப் பார்க்கிறது."

நாகப்பன் கையைத் தூக்கினான். "அய்யா, தண்ணி கலங்கலா கீதே. கண்ணுக்கு எங்க தெரியும்?"

ஞானதாஸ் புத்தகத்தைப் புரட்டினார். "கலங்கல் தண்ணி நாலாம் வாரம் வருது. இப்ப தெளிஞ்ச தண்ணின்னு வச்சுக்க."

"தெளிஞ்ச தண்ணியில எறாலு நிக்காதுங்க."

"நாகப்பா, நீ புடிக்கத் தெரிஞ்சவன் மாதிரியே பேசுறே. இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு போட்டிருக்கு. அப்படி இருந்தாதான் பாடம் நடத்த முடியும்."

மணலில் குந்தி மர இறாலைத் தேடினார்கள். பச்சையம்மா முதல் நாளே தன் பங்கு இருபதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பறியில் போட்டுவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தாள். இரண்டாம் படியைத் தாண்டி மூன்றாம் படிக்குப் போய்விட்டாள் என்று அவளுக்குக் குறை மதிப்பெண் போட்டார்கள்.

ஏரியில் அது இறால் கொழுக்கிற பருவம். கோட்டை மதில் மேல் ஏறி நின்றால் தண்ணீரில் இறால் துள்ளுவது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே பசியோடு மர இறால் பிடித்தார்கள். பயிற்சியாளர்களுக்குத் தினம் ஒரு கை அரிசிக் கஞ்சி உண்டு. வெளியே அதுவும் இல்லை. ஆகவே மேற்கேயிருந்து, ஆரம்பாக்கம் பக்கமிருந்தெல்லாம், ஏரியையே பார்த்திராத சனங்களும் வந்து இறால் பிடிப்பு வகுப்பில் சேர்ந்தார்கள். மக்களிடையே பயிற்சித் தாகம் பெருகிவருகிறது என்று துரை மேலிடத்துக்கு எழுதினார்.

இரண்டாம் வாரத்தில் பாடம் மாறியது. முற்றத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கயிற்று ஏணியைத் தொங்கவிட்டு எல்லாரையும் ஏறி இறங்கச் சொன்னார்கள். பிறகு வரிசையில் நிற்கும் பயிற்சி. பிறகு, கூப்பிட்டதும் தலைகுனிந்து "உத்தரவு" என்று சொல்லும் பயிற்சி. மூன்றாம் வாரம் எல்லாரையும் ஒரு கிடங்குக்குள் அழைத்துப்போய் வரிசையாகப் படுக்கச் சொன்னார்கள். ஒருவர் தோள் அடுத்தவர் தோளோடு ஒட்டியிருக்க வேண்டும், புரளக்கூடாது, கதவு சாத்தியிருக்கும். முதல் நாள் ஒரு நாழிகை. வார முடிவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை. பாடத்துரை அடிக்கடி வந்து பார்த்தார். இந்தப் பாடத்தில்தான் அவருக்கு உண்மையான ஈடுபாடு இருந்தது. இரண்டு பேருக்கு நடுவே விரல் நுழைகிற இடம் தெரிந்தாலும் இன்னொருவரைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்.

"எறாலு புடிக்கிறதுக்கு எதுக்கு சாமி இப்புடிப் படுத்துக்கெடக்கணும்?" என்று நாகப்பன் படுத்தபடியே கேட்டான்.

ஞானதாஸ் புத்தகத்தைப் பார்த்தார். அதில் நெருக்கமான சூழலில் இசைந்திருத்தல் என்று மட்டும் போட்டிருந்தது. "ஒத்துமை வளர்றதுக்கு," என்றார் அவர்.

"பேஜாரா கீதுய்யா. மூச்சு முட்டுது."

"வாயை மூடிட்டுக் கெட," என்றாள் பக்கத்தில் கிடந்த பச்சையம்மா. "சீட்டு வாங்கினு போயிக்கினே இருக்கலாம். அப்பறம் இவனுங்க மூஞ்சில முழிக்கவே வோணாம்."

பரீட்சை நாள் வந்தது. அதை மட்டும் ஏரியில் வைத்தார்கள். கோட்டைக்கு ஒரு படகு, அதில் குடையின் கீழ் பாடத்துரை, பக்கத்தில் சகாதேவன். இடுப்பளவு தண்ணீரில் நாற்பது பேர், பல்லில் பறியோடு. ஒரு நாழிகைக்குள் பறி நிறைய வேண்டும். பறி வாயை விட்டு இறங்கினால் தேர்ச்சி இல்லை. தேர்ச்சி இல்லை என்றால் சீட்டு இல்லை, ஏரி இல்லை.

ஒரு மாதம் மரத்தைத் தடவிய கைகள் மறுபடி சேற்றைத் தொட்டன. பச்சையம்மாவின் பறி பாதி நாழிகையில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. பறிக்குள் இறால் துள்ளுகிற அதிர்வு அவள் பல்லில் தெரிந்தது. அப்போது படகில் சகாதேவன் எழுந்து நின்று, கையிலிருந்த ஓலையை உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"பயிற்சி பெற்றவராகிய நீங்கள், உங்கள் உடலையும் உழைப்பையும் கோட்டையின் பொறுப்பில் ஒப்புவித்து, கோட்டை காட்டும் தேசத்தில், கோட்டை கற்பிக்கும் பணியை, ஆயுள் பரியந்தம் செய்ய மனப்பூர்வமாக இசைகிறீர்கள். இசையாதவர் இப்போதே வாய் திறந்து தெளிவாகச் சொல்லலாம். பத்து எண்ணும் வரை அவகாசம். மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும்."

பிறகு அவர் நிதானமாக எண்ணினார். துரை காது கொடுத்துக் கேட்டார். நாற்பது வாயிலும் நாற்பது கயிறு. ஏரியில் தண்ணீர் சலசலப்பைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

இந்த யோசனை யார் மண்டையில் உதித்தது என்று எனக்குத் தெரியாது. இந்தச் சனங்கள் வேலை செய்யும்போது வாய் திறக்கமுடியாது என்பதைக் கோட்டை எப்படியோ கவனித்திருக்கிறது. அந்த ஒரு மாதப் பயிற்சியில் யாராவது எதையாவது உருப்படியாகக் கற்றுக்கொண்டார்கள் என்றால், அது கோட்டை கற்றுக்கொண்ட இந்த ஒன்றுதான்.

ஏழு எண்ணும்போது நாகப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, இன்னா படிச்சீங்க? ஆயுசு பூராவுமா? எந்த தேசம்? எனுக்கு வோணாம்பா!"

கத்திய வேகத்தில் பறி விழுந்து, கவிழ்ந்து, இறாலெல்லாம் ஏரிக்குத் திரும்பிப் போயின. துரை உதட்டைப் பிதுக்கினார். சகாதேவன் எழுதினார்: நாகப்பன், தேறவில்லை. காரணம், வாய்.

அவன் மனைவியைப் பார்த்தான். "பச்ச! உட்றீ அத்த! வாயத் தெற!"

பச்சையம்மா அவனைப் பார்த்தாள். குனிந்து பறியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்ப்பதற்குள் சகாதேவன் பத்து சொல்லிவிட்டார்.

பறி நிறைந்த இருபத்துமூன்று பேர் முதல் வகுப்பில் தேறினார்கள். அவர்களைக் கோட்டைக்குள் அழைத்துப்போய்ப் பட்டமளிப்பு விழா நடத்தினார்கள். தேறாதவர்கள் வாசலுக்கு வெளியே நின்று கேட்கலாம். பாடத்துரை பேச, சகாதேவன் மொழிபெயர்த்தார்.

"பெருமக்களே, நான் இந்தக் கரைக்கு வந்தபோது நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்குப் பெயர் இருந்தது, வீடு இருந்தது, உறவு இருந்தது. ஆனால் மதிப்பு இல்லை. இன்று உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. அது என்ன மதிப்பு என்று கப்பல் போய்ச் சேருகிற இடத்தில் தெரியவரும். நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் பத்து எண்ணிக்கை நேரம் கொடுத்தோம். பக்கத்துத் துறைமுகங்களில் ஐந்துதான். மேலும், உங்கள் சான்றிதழைக் காகிதத்தில் தந்தால் தண்ணீரில் நனைந்துவிடும், காற்றில் பறந்துவிடும். நீங்கள் இருக்கும்வரை அது இருக்கவேண்டும் என்று கருதி, உங்கள் தோளிலேயே பதித்துத் தருகிறோம்."

அடுப்பு முற்றத்தின் மூலையில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. இரும்பு முத்திரை அதில் சிவந்திருந்தது.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. வாசலுக்கு வெளியே நின்ற நாகப்பன் இருபத்துமூன்று அலறல் கேட்டான். எது அவளுடையது என்று அவனுக்குத் தெரிந்தது. நல்ல திறமைசாலி வேண்டும் என்றுதான் எல்லா அதிகாரமும் கேட்கிறது. கிடைத்தால் என்ன செய்யும் என்பதை அந்த முற்றத்தில் பார்த்திருக்கலாம், படுபாவிகள்.

மறுநாள் நாகப்பன் கச்சேரிக்குப் போனான். சகாதேவன் திண்டில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"துபாசி அய்யா, எம் பொஞ்சாதிய உட்டுருங்க. அது சம்மதம்னு சொல்லவே இல்ல."

"வோணாம்னும் சொல்லலியே."

"வாயில பறி இருந்திச்சேய்யா! நீங்கதான பாத்தீங்க?"

"வாயில எதுவும் இருக்கக்கூடாதுன்னு நாங்க சொல்லலியே. அவங்கவங்க வாயி, அவங்கவங்க பொறுப்பு."

"அப்ப மனு போட்றேன். தொரைய பாக்கணும்."

"சீட்டு கீதா?"

"எனுக்கு எங்க சீட்டு? நாந்தான் தேறலியே."

"தேறுனவங்கதான் மனு குடுக்கலாம். தேறாதவனுக்கு வெவரம் பத்தாது, அவன் பேச்ச எடுத்துக்கக்கூடாதுன்னு உத்தரவு."

"தேறுனவங்கல்லாம் உள்ள பூட்டிக் கெடக்கறாங்களே?"

"அதனாலதான் இதுவரிக்கும் ஒரு மனு கூட வரல," என்றார் சகாதேவன். அதில் அவருக்கு உண்மையாகவே திருப்தி இருந்தது.

கிடங்கின் பின்பக்கம் கையகலத்துக்கு ஒரு சன்னல் இருந்தது. உச்சி வெயிலில் காவல்காரன் சோற்றுக்குப் போன நேரம் பார்த்து நாகப்பன் அதன்கீழ் போய் நின்று கூப்பிட்டான். கொஞ்சம் பொறுத்து அவள் முகம் வந்தது. இடது தோளில் ஈரத் துணி சுற்றியிருந்தது. ஒரு நாளில் அவளுக்கு வயதாகிவிட்டது போலிருந்தது.

"எரியுதா?"

"எரியாம குளுருமா?" என்றாள். அவள் திட்டுவதைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் கத்துனேனே பச்ச. காதுல உழலியா?"

"உழுந்திச்சி."

"பின்ன ஏன் வாயத் தெறக்கல?"

"பறி நெறஞ்சிருந்திச்சிய்யா. ஒரு மாசமா அந்தக் கஞ்சித் தண்ணி. நீ எலும்பும் தோலுமா நின்னுனு கீற. இன்னிக்கி ஒனக்கு நல்லா ஆக்கிப் போடலாம்னு பாத்தேன். அத்த எப்புடிக் கீழ உடுவேன்? மனசு உடுன்னுது, பல்லு உடல."

"அந்த எறாலு எங்க?"

"பரீட்சைப் பொருளாம். வாங்கிக்கினானுங்க. தொர வூட்டு அடுப்புக்குப் போயிடிச்சி."

நாகப்பனுக்கு ஊர்க்கதை எதுவும் நினைவுக்கு வரவில்லை. சன்னலுக்குள் விரலை நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க இட்டுனு போறாங்கன்னு தெரியுமா?"

"ஏதோ தீவாம். ஜாதிக்கா பறிக்கணுமாம்."

"ஜாதிக்காயா? எறாலு புடிக்கத்தான சொல்லிக்குடுத்தானுங்க?"

"கேட்டதுக்கு, கையில செய்யற வேலதானன்னு சொல்றானுங்க." அவள் விரலை இறுக்கினாள். "நீ போயிரு. சுண்ணாம்புக்கொளம் பக்கம் எங்க நைனா கீது, அங்க போயி பொழச்சிக்க. இங்க நிக்காத."

அவன் போகவில்லை. நேராகக் கச்சேரிக்குப் போனான்.

"அய்யா, என்ன மறுபடியும் வகுப்புல சேத்துக்கங்க. அவ கூடவே நானும் போறேன். இன்னா வேலன்னாலும் சரி, ஆயுசு பூராவும்னாலும் சரி."

சகாதேவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். துரையிடம் போய்ச் சொன்னார். துரை எழுந்துவந்து நாகப்பனின் கையைக் குலுக்கினார். தேறாத ஒருவன் தானாகத் திரும்பி வருவது கச்சேரி வரலாற்றிலேயே முதல் தடவை என்றார்.

"அவ இருக்கற எடத்துக்கே அனுப்புவீங்கதான?"

"அந்த எடம்தான், வேற எங்க?" என்றார் சகாதேவன். "அவங்க மொதக் கப்பல்ல போயி சௌகரியம் பண்ணி வைப்பாங்க. நீ அடுத்த கப்பல்ல போய்ச் சேந்துக்க."

பத்தாம் நாள் பச்சையம்மாவின் கப்பல் போய்விட்டது. அப்போது நாகப்பன் முற்றத்தில் இரண்டாம் படியில் இருந்தான். அவளைப் போய்ப் பார்க்க அவனை விடவில்லை. வகுப்புக்கு மட்டம் போட்டால் தேர்ச்சி கிடையாது.

அவனைப் போன்ற மாணவன் அந்தக் கச்சேரிக்குக் கிடைத்ததே இல்லை. தெளிந்த தண்ணீரில் இறாலைப் பார் என்றால் பார்த்தான். ஏணியில் ஏறு என்றால் ஏறினான். கிடங்கில் காலையிலிருந்து இருட்டும்வரை கட்டைபோலக் கிடந்தான். தானாக வாயே திறக்கவில்லை. ஒருநாள் ஞானதாஸ் அவன் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"நாகப்பா, ஏம்ப்பா திரும்ப வந்தே?"

"பச்சகிட்ட போறேன் அய்யா."

ஞானதாஸ் எதையோ சொல்ல வந்தார். வாசலில் துரையின் செருப்புச் சத்தம் கேட்டது. புத்தகத்தைத் திறந்து மூன்றாம் படியை உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கும் வீட்டில் வயிறுகள் இருந்தன. ஆனாலும் அதை நான் மன்னிக்கப்போவதில்லை.

பரீட்சையில் நாகப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சகாதேவன் ஓலையைப் படித்தார், பத்து எண்ணினார். அவன் முதல் வகுப்பில் முதலாவதாகத் தேறினான். முத்திரை போட்டபோது கூடக் கத்தவில்லை. முன்மாதிரிப் பயிற்சியாளர் என்று துரை அவனைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

கப்பல் வந்தது. பழவேற்காட்டில் கப்பல் கரைக்கு வரமுடியாது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களைப் படகில் ஏற்றி அலை தாண்டிக் கொண்டுபோவார்கள். முகத்துவாரத்துப் பக்கம் மணலில் பாடத்துரை வழியனுப்ப வந்து நின்றார். சகாதேவன் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராகப் படகில் ஏற்றினார்.

"நாகப்பன். கொழும்பு."

நாகப்பன் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டான். "கொழும்புலயா பச்சையம்மா கீது?"

"அது ஜாவாப் பக்கம் போயிடுச்சி. ஒனக்குக் கொழும்புல கோட்டைச் செவரு கட்ற வேல."

"ரெண்டும் கிட்டகிட்டயா துபாசி அய்யா?"

சகாதேவன் ஓலையைப் புரட்டினார். "ரெண்டும் கடலுக்கு அந்தாண்டதான். அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்."

"அதே எடம்னு சொன்னியே!"

"மேலிடத்துல மாத்திட்டாங்க. ஆளு எங்க தேவையோ அங்கதான் அனுப்புவாங்க. இதுக்கெல்லாம் பரீட்சையிலயே ஆட்சேபம் சொல்லியிருக்கணும்."

படகுக்காரர்கள் தள்ளினார்கள். படகு முதல் அலையில் ஏறியது. நாகப்பன் எழுந்து நின்றான். காலில் பூட்டியிருந்த சங்கிலி இழுத்தது. ஒரு மாதமாக அடக்கிவைத்திருந்த வாய் முழுசாகத் திறந்தது.

"எனுக்கு சம்மதம் இல்ல!"

கரைவரை கேட்டது. மணலில் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். துடுப்புப் போடுகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எனுக்கு சம்மதம் இல்ல! எம் பொஞ்சாதிக்கும் சம்மதம் இல்ல! யாருக்கும் சம்மதம் இல்லடா!"

பாடத்துரை கையைக் கண்ணுக்குமேல் குடையாகப் பிடித்துக் கடலைப் பார்த்தார். "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார்.

"நன்றி சொல்கிறான்," என்றார் சகாதேவன்.

துரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி உயரத் தூக்கி ஆட்டினார். நாகப்பன் விடாமல் கத்திக்கொண்டிருந்தான். அவன் குரல் அலையில் மறைகிற வரைக்கும் துரையும் தொப்பியை ஆட்டிக்கொண்டே நின்றார்.